டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இஜிஆரை அடைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கார்பியோ, தார், சஃபாரி, ஃபார்ச்சூனர், எண்டெவர், வி-கிராஸ் என்று டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் இஜிஆரில், அதாவது வெளியே போகும் புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பில், வந்து நிற்கும். "அடைச்சிடுங்க, வண்டி பறக்கும்" என்பார் ஒருவர். "அடைச்சா என்ஜின் உருகிடும்" என்பார் அடுத்தவர். இரண்டும் உண்மையில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோட்டில் ஓடும் வண்டியில் இஜிஆரை அடைக்கக் கூடாது, அதேசமயம் அதைக் கவனிக்காமல் விடவும் கூடாது. அடைக்கத் துடிக்கிற பல பேருடைய வண்டியில் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஏன் என்று கேட்பவர்களுக்காக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

இஜிஆர்னா என்னண்ணே? எதுக்கு அந்தப் புகையைத் திரும்ப உள்ள விடணும்?

என்ஜினிலிருந்து வெளியே போகும் புகையில் ஒரு பங்கைப் பிடித்து, மறுபடி இன்டேக் பக்கம், அதாவது என்ஜின் காற்றை உள்ளே இழுக்கும் பக்கம், அனுப்புவதுதான் இஜிஆர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு பைப், அதில் ஒரு வால்வு, பெரும்பாலான வண்டிகளில் புகையைக் குளிர்விக்க கூலண்ட் ஓடும் ஒரு சின்ன கூலர். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை என்ஜினின் கம்ப்யூட்டரான இசியு முடிவு செய்யும். பழைய வண்டிகளில் வால்வை வேக்குவம் இழுக்கும், பிந்தைய வண்டிகளில் சின்ன மோட்டார் திறக்கும்.

எதற்கு என்றால், நாக்ஸ் எனப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன் சாதாரணமாக எதனோடும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் தீ சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், சூடு ஏற ஏற இது மளமளவென்று கூடும். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதிகம். அதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் தீயின் உச்ச சூடு இறங்கும், நாக்ஸும் இறங்கும்.

எல்லா நேரமும் புகை உள்ள போய்க்கிட்டே இருக்குமா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐடிலிங்கிலும் மிதமான ஓட்டத்திலும்தான் வால்வு நன்றாகத் திறக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் இசியு அதை மூடிவிடும், ஏனென்றால் அப்போது கிடைக்கிற காற்றெல்லாம் டீசலை எரிக்கத் தேவை. என்ஜின் ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கும்போதும், பல வண்டிகளில் நெடுநேரம் ஐடிலிங்கில் நிற்கும்போதும்கூட மூடிக்கொள்ளும்.

அப்போ அடைச்சா பவர் கூடும்னு சொல்றாங்களே?

உச்ச பவர் கூடாது. மேலே சொன்னபடி முழு ஆக்சிலேட்டரில் வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, மூடியதை மூடி என்ன கிடைக்கும்? பாதி ஆக்சிலேட்டரில் பிக்கப் கொஞ்சம் துடிப்பாகத் தெரியலாம், அது பொய்யில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் சுத்தமான காற்று கூடுதலாக உள்ளே போகிறது, புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவுக்கும் கொஞ்சம் கூடுதல் புகை கிடைக்கிறது.

ஆனால் "அடைச்ச உடனே வண்டி தலைகீழா மாறிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் எனக்குத் தோன்றுவது வேறு: அவருடைய வால்வு கரி பிடித்து மூடாமல் நின்றிருக்கிறது. மூட வேண்டிய நேரத்திலும் திறந்தே கிடந்த வால்வை அடைத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதே வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டிருந்தாலும் அதே வித்தியாசம் வந்திருக்கும்.

மைலேஜ்?

லேசாகக் கூடலாம், கூடாமலும் போகலாம். வண்டிக்கு வண்டி மாறும். நகரத்துக்குள் ஓட்டி டேங்க் கணக்கு பார்க்கிறவர்களுக்கு டயரில் காற்று ஏற்றுவதாலும் ஏசி போடுவதாலும் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அது மறைந்துவிடும். மைலேஜுக்காக இதைச் செய்யாதீர்கள்.

இன்டேக் முழுக்கக் கரி அப்பியிருக்கு, பார்த்தாலே பயமா இருக்கு. இதுக்குக் காரணம் இஜிஆர்தானே?

பாதிக் காரணம். ஓரளவு ஓடிய மஹிந்திராவின் எம்ஹாக் டீசல் என்ஜினின் இன்டேக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் நுழைய வேண்டிய துளை பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும், உள்ளே அடுப்புக்கரியில் எண்ணெய் குழைத்து அப்பிய மாதிரி இருக்கும். அந்தக் குழம்பை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். வெறும் புகைக்கரி இப்படி ஒட்டாது, தூளாக உதிர்ந்துவிடும்.

ஒட்டவைப்பது ஆயில். என்ஜின் அடிப்பாகத்தின் ஆவியை வெளியேற்றும் குழாயான கிராங்க்கேஸ் பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவியும் டர்போ சீலில் கசியும் ஆயிலும் இன்டேக் சுவரை ஈரமாக்கி வைக்கின்றன, அதன் மேல் இஜிஆர் கொண்டுவரும் கரி படிகிறது. ஆக, கரி ரொம்ப வேகமாகச் சேர்ந்தால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். இவ்வளவு கரியை என்ஜின் ஏன் உண்டாக்குகிறது? இவ்வளவு ஆயில் ஏன் இன்டேக்குக்கு வருகிறது? சொட்டும் இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த இன்டர்கூலர் ஹோஸ், சிக்கிக்கொண்ட டர்போ இதழ் (வேன்), ஆயில் மட்டம் மேக்ஸ் கோட்டுக்கு மேல் ஊற்றியது, தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துவது, மேட்டில் கியர் இறக்காமல் 1,200 ஆர்பிஎம்மில் திணறத் திணற ஏற்றுவது. இவற்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். இஜிஆரை அடைத்தால் இன்டேக்கில் கரி நிற்கும், கரி உண்டாவதற்கான காரணம் அப்படியே இருக்கும். அது சைலன்சர் வழியாக எல்லோர் மூக்குக்கும் போகும், பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்த வண்டியாக இருந்தால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பில் போய் அடையும்.

இஜிஆர் பைப்பை அடைக்க ஒரு தகடுதானே, மெக்கானிக் அரை மணி நேரத்துல போட்டுத் தர்றேங்கிறார். அதுல என்ன ஆயிடப் போகுது?

வண்டி எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டிஐ என்ஜினுக்கு இஜிஆர் அடைபட்டது தெரியவே தெரியாது. இசியுவே டீசலை அளந்து தெளிக்கும் காமன் ரெயில் வண்டிகளில் கதை வேறு. வால்வைத் திறந்தால் ஏர்ஃப்ளோ சென்சார் வழியாக வரும் காற்று குறைய வேண்டும், அதை வைத்துத்தான் எவ்வளவு புகை உள்ளே வந்தது என்று இசியு கணக்குப் போடுகிறது. தகடு போட்டால் காற்று குறையாது. கொஞ்ச நாளில் செக் என்ஜின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0401 என்று வரும், இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். சில வண்டிகள் அதோடு லிம்ப் மோடுக்குப் போய் பவரைக் குறைத்துவிடும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று டர்போ. சாய்வு மாறும் இதழ்கள் கொண்ட விஜிடி டர்போவின் வேன்களை எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்ற கணக்கு, புகையில் ஒரு பங்கு இஜிஆருக்குப் போய்விடும் என்று வைத்துப் போட்டது. அந்தப் பங்கும் டர்போவுக்கே வந்தால் சில நேரம் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், மிதமிஞ்சிப் போகும். இன்னும் முழுச் சூடு ஏறாத என்ஜினில் "கடகட" சத்தம் கூடும், ஏனென்றால் இப்போது டீசல் முன்னைவிடச் சட்டென்று பற்றுகிறது. கூலரிலிருந்து கிடைத்த சூடு இல்லாததால் ஊட்டிக் குளிரில் என்ஜின் வார்ம் ஆகவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

நடுவுல சின்ன ஓட்டை போட்ட தகடு வெச்சா லைட் வராதுங்கறாங்களே?

சில பழைய வண்டிகளில் வராமல் இருக்கும், உண்மைதான். ஆனால் இசியு தான் கேட்ட அளவு புகை வரவில்லை என்று பார்த்து வால்வை இன்னும் அகலமாகத் திறக்கும், வால்வு எப்போதும் முழு நீளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும், அந்தச் சின்ன ஓட்டையைச் சுற்றிக் கரி சேர்ந்து கொஞ்ச மாதத்தில் அதுவும் முழுத் தகடாகிவிடும். அப்புறம் முந்தைய கேள்வியில் சொன்னதெல்லாம் வரும்.

தகடே வேணாம், ரீமேப் பண்ணி சாஃப்ட்வேர்லயே ஆஃப் பண்ணிட்டா சுத்தமா இருக்கும்ல?

லைட் எரியாது, அவ்வளவுதான் சுத்தம். நல்ல டியூனர் இஜிஆர் அட்டவணையை மாற்றும்போது அதோடு கோத்திருக்கிற இன்ஜெக்‌ஷன் நேரத்தையும் பூஸ்டையும் புகைக் கட்டுப்பாட்டையும் சரிசெய்ய வேண்டும். பல இடங்களில் நடப்பது என்னவென்றால், எங்கிருந்தோ கிடைத்த ஃபைலை ஏற்றி, கோளாறுக் குறியீட்டை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். பிறகு நிஜமாகவே கோளாறு வந்தாலும் வண்டி சொல்லாது. இதை நான் தகட்டைவிட மோசமாகவே பார்க்கிறேன், தகடாவது கண்ணுக்குத் தெரியும்.

சாஃப்ட்வேரில் புகைக் கட்டுப்பாட்டை அணைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் விவகாரமே போதும். சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு ரோட்டில் நாக்ஸைக் கொட்டிய அந்த டீசல் கார்கள் 2015இல் அமெரிக்காவில் பிடிபட்டன. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள், 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இஜிஆர் கெட்டுப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திறந்தபடி சிக்கினால்: ஐடிலிங் குலுங்கும், கீழ் ஆர்பிஎம்மில் இழுக்காது, மிதித்தால் கறுப்புப் புகை. மூடியபடி சிக்கினால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது, பி0401 மட்டும் வரும்.

நல்ல ஸ்கேனர் இருந்தால் இசியு கேட்கிற திறப்பையும் வால்வு நிஜமாகத் திறந்திருக்கும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஆட வேண்டும். ஐடிலிங்கில் ஸ்கேனரிலிருந்து வால்வை மூடச் சொன்னால் ஏர்ஃப்ளோ சென்சார் காட்டும் காற்று சட்டென்று ஏற வேண்டும், திறக்கச் சொன்னால் இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் வால்வு, பைப், கூலர் மூன்றிலும் வழி இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. இந்த ஐந்து நிமிட சோதனையைச் செய்யாமலே "இஜிஆர் போச்சு" என்று சொல்லுகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

நானே கழற்றிச் சுத்தம் பண்ணலாமா? எதைப் போட்டுக் கழுவறது?

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமிருந்தால் வால்வை மட்டும் நீங்களே செய்யலாம். என்ஜின் நன்றாக ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வால்வோடு கூலண்ட் ஹோஸ் சேர்ந்திருந்தால் அதைப் பிடித்துக் கட்டுங்கள். வால்வின் உலோகப் பக்கத்தை மட்டும் டீசலிலோ கார்ப் கிளீனரிலோ ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மோட்டார், கனெக்டர் இருக்கும் பக்கம் நனையவே கூடாது, அதனால் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி தொங்கவிட்டு ஊறவைப்பது நல்லது. ஸ்குரூடிரைவரால் வால்வை நெம்பித் திறக்காதீர்கள், உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பல்சக்கரங்கள், உடைந்தால் புது வால்வு வாங்க வேண்டும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையதையே போட்டுப் புகை கசியவிட்டு பானட்டுக்குள் கரி அப்புவதை நிறையப் பார்க்கலாம். மாட்டியதும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து வால்வின் மூடிய நிலையை இசியுவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்டேக் மேனிஃபோல்டு அப்படி இல்லை. அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும், ஹெட்டில் இருக்கும் துளைகளில் ஒரு துண்டுக் கரிகூட சிலிண்டருக்குள் விழக் கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஓடும் என்ஜினின் இன்டேக்கில் ஸ்ப்ரேயை அடித்துவிடும் வைத்தியம் எனக்குப் பிடிக்காது, கெட்டிக் கரி கரையாது, பெயர்ந்து கட்டியாக உள்ளே போகும். அந்த ஸ்ப்ரே தீப்பற்றக்கூடிய பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது என்று கேட்டால், 50,000 கிலோமீட்டர் தாண்டியதும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உங்கள் ஓட்டத்துக்குக் கரி எவ்வளவு சேர்கிறது என்பது அதில் தெரிந்துவிடும், அடுத்தது எப்போது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

ஹைவேல ஒரு தடவை நல்லா விரட்டினா கரி எரிஞ்சிடும்ங்கறாங்களே?

சேர்ந்த கரி எரியாது, இன்டேக் அவ்வளவு சூடாகவே ஆகாது. ஆனால் வாரத்தில் ஒரு தடவையாவது என்ஜின் முழுச் சூட்டில் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் கொஞ்ச நேரம் ஓடினால் புதுக் கரி சேர்வது குறையும், வால்வும் இறுகாது. டிபிஎஃப் உள்ள வண்டிக்கு இது ரொம்ப அவசியம்.

கேட்ச் கேன் போடலாமா?

பிரீதரிலிருந்து வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா. நன்றாகச் செய்த டப்பா, ஹோஸ்கள் மறுபடி இன்டேக்கிலேயே போய் முடிந்தால், கரியை ஒட்டவைக்கும் பசையைப் பாதியாவது தடுக்கும். திறந்துவிட்ட பிரீதராகப் போடாதீர்கள், ஆயில் ஆவி அப்படியே வெளியே போகும். டப்பாவை அடிக்கடி காலி செய்ய வேண்டும், மலைக்குளிரில் ஆயிலைவிடத் தண்ணீர்தான் அதிகம் சேரும். வாரண்டி இருக்கும் வண்டியில் டீலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மலைமேல காத்து கம்மி, அங்கயாவது அடைச்சா நல்லதுதானே? லடாக் போறோம்.

ஊட்டியின் 2,240 மீட்டரிலேயே காற்று கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு, லடாக்கின் கணவாய்கள் 5,000 மீட்டரைத் தாண்டும். இது உண்மைதான். ஆனால் காமன் ரெயில் வண்டியில் காற்றழுத்த சென்சார் இருக்கிறது, உயரம் ஏற ஏற இசியு தானாகவே இஜிஆரைக் குறைத்துக்கொண்டே போகும். நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். கிளம்பும் முன் வால்வு முழுசாக மூடுகிறதா என்று மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப்களைத் தொட்டுப் பாருங்கள். உயரத்தில் கறுப்புப் புகை தள்ளும் வண்டிகள் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டுகின்றன.

லோ ரேஞ்ச்ல மணிக்கணக்கா ஊர்ந்து போறோம், ஆறும் கடக்கறோம். இஜிஆர் வழியா தண்ணி உள்ள போகுமா?

போகாது. பெரும்பாலான வண்டிகளில் இஜிஆர் புகையை எடுப்பது டர்போவுக்கு முன்னால், தண்ணீர் சைலன்சர் முழுக்க ஏறி டர்போவையும் தாண்டி வந்தால்தான் அங்கே சேரும், என்ஜின் ஓடும்வரை புகை அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குப் பயந்தால் ஏர் ஃபில்டர் வாயைக் கவனியுங்கள், காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கல் குழாயைப் போடுங்கள்.

பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்ல இஜிஆரே கிடையாது. அது இன்னும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?

ஓடுகிறது, நானும் ரசிப்பேன். அந்த பெஜோ டீசல் என்ஜினின் பம்ப் டைமிங்கும் கம்ப்ரெஷனும் இஜிஆர் இல்லாமல் அமைத்தவை, டர்போவும் கிடையாது. உங்கள் காமன் ரெயில் என்ஜினின் ஒவ்வொரு அட்டவணையும் இஜிஆர் இருக்கிறது என்று வைத்து எழுதியது. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கினால் அது எம்எம் 540 ஆகிவிடாது.

இஜிஆரை அடைச்சா என்ஜின் சூடாகி ஹெட் போயிடும்னு பயமுறுத்தறாங்க. நிஜமா?

மிகைப்படுத்தல். அடைக்க வேண்டாம் என்று சொல்வதற்காகப் பொய்யைச் சொல்ல வேண்டியதில்லை. தீயின் உச்ச சூடும் அழுத்தமும் ஏறும், அது நிஜம். ஆனால் காற்று கூடுதலாகப் போவதால் பாதி ஆக்சிலேட்டரில் வெளியே வரும் புகையின் சூடு பெரும்பாலும் குறையவே செய்யும், கூலர் வழியாக ரேடியேட்டருக்குப் போன சூடும் நின்றுவிடும். ஆயிலும் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் அடைக்காதீர்கள் என்கிறேன், காரணம் அடுத்த கேள்வியில்.

ஹெட்டுக்குப் பயப்பட வேண்டியது கூலர் கசிந்தால். கூலண்ட் வெளியே ஒழுகாமலே குறைகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வருகிறதா, உடனே கூலரைச் சோதியுங்கள். 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, இஜிஆர் கூலர் கசிவுதான் காரணம் என்று சொல்லி அந்த நிறுவனம் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. கசியும் கூலரைத் தகடு போட்டு மறைக்காதீர்கள், மாற்றுங்கள்.

பியுசி டெஸ்ட்ல என் வண்டி அடைச்ச பிறகு முன்னைவிட நல்லா பாஸ் ஆச்சு. அப்போ மாசு குறைஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இதுதான் எனக்கு வருத்தம் தரும் கேள்வி, ஏனென்றால் கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். டீசலுக்கான பியுசி சோதனை அளப்பது புகையின் கறுப்பை மட்டும். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கிறார்கள். பிஎஸ் 4க்கு முந்தைய வண்டிக்கு இந்த ஒளித்தடை அளவின் வரம்பு 2.45, பிஎஸ் 4க்கு 1.62, பிஎஸ் 6க்கு 0.7. நாக்ஸை அந்த இயந்திரம் பார்ப்பதே இல்லை. இஜிஆரை அடைத்தால் கறுப்புப் புகை குறையும், நாக்ஸ் பல மடங்கு ஏறும். சோதனையில் ஜெயித்த வண்டி அதிக விஷத்தைக் கக்கிக்கொண்டிருக்கும்.

பிஎஸ் 4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நாக்ஸ் விடலாம், 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ் 6இல் அது 0.08 கிராம், கனமான வண்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த அளவுக்கு இறக்கியதில் இஜிஆருக்குப் பெரிய பங்கு உண்டு. நாக்ஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கூட்டும், வெயிலில் ஓசோனாகவும் நுண்துகளாகவும் மாறும். டிராஃபிக்கில் வால்வு திறந்திருக்க வேண்டிய அதே நேரத்தில்தான், உங்கள் சைலன்சருக்குப் பின்னால் ஒருவர் பைக்கில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து நின்றுகொண்டிருப்பார்.

சட்டப்படி என்ன ஆகும்? யாரும் பிடிக்கறதில்லையே.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. மாசு விதிகளை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸ் 3 மாதம் முடக்கம் என்று சட்டத்தில் இருக்கிறது. ரோட்டில் நிறுத்தி யாரும் தகட்டைத் தேடுவதில்லை என்பது உண்மை. வாரண்டி கேட்டு டர்போவையோ என்ஜினையோ திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், அப்போது பில் முழுக்க உங்கள் தலையில்.

எஸ்டேட்டுக்குள்ள மட்டும் ஓடுற வண்டிக்கு?

கேட்டைத் தாண்டாதவரை மேலே சொன்ன அபராதம் வராது. ஆனால் அந்த வண்டிக்குப் பின்னால் நடப்பவர்கள் உங்கள் ஆட்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. சுத்தம் செய்து ஓட்டுங்கள்.

என்னோடது பிஎஸ் 6. டிபிஎஃப், ஆட்ப்ளூ எல்லாம் இருக்கு. இஜிஆர் ஒண்ணை மட்டும் எடுத்தா போதும்ல?

இதில்தான் கை வைக்கவே கூடாது. பல பிஎஸ் 6 வண்டிகளில் இஜிஆர் கோளாறு பதிவானால் இசியு டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனை நிறுத்திவைக்கும், கொஞ்ச வாரத்தில் டிபிஎஃப் அடைந்துவிடும். ஆட்ப்ளூ (நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் யூரியா திரவம்) உள்ள வண்டியில் என்ஜினிலிருந்து வரும் நாக்ஸ் கூடினால் ஆட்ப்ளூ கூடுதலாகச் செலவாகும், நாக்ஸ் சென்சார் புகார் சொல்லும், எச்சரிக்கை கவனிக்கப்படாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும் வரை போகலாம். அப்புறம் டிபிஎஃப்பையும் எடு, ஆட்ப்ளூவையும் அணை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு இழுத்துக்கொண்டே போகும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பிஎஸ் 3 காலத்தில் டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) கந்தகம் இருந்தது, பிஎஸ் 4இல் 50, இப்போது 10. இஜிஆர் கூலரை அரித்த அமிலத்துக்கு அந்தக் கந்தகம்தான் மூலம். பழைய வண்டிக்காரர்கள் சொல்லும் பயங்கரக் கதைகளில் ஒரு பகுதி பழைய டீசலின் கதை.

செகண்ட் ஹேண்ட் ஃபார்ச்சூனர் பார்க்கிறேன். முன்னாடி வெச்சிருந்தவர் அடைச்சிருக்காரான்னு எப்படித் தெரியும்?

இஜிஆர் பைப் இணையும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே கேஸ்கெட்டைவிடத் தடிமனாக, வெட்டிய விளிம்போடு ஒரு தகடு துருத்திக்கொண்டிருக்கும். சாவி போட்டதும் செக் என்ஜின் லைட் ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லையென்றால் பல்பையோ சாஃப்ட்வேரையோ யாரோ தொட்டிருக்கிறார்கள். ஸ்கேனரில் ஐடிலிங் சோதனையைச் செய்யுங்கள், வால்வைத் திறந்து மூடச் சொல்லியும் காற்று அளவு ஆடவில்லையென்றால் வழி அடைபட்டிருக்கிறது, தகடாலோ கரியாலோ. விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், பெரும்பாலோர் மறைக்க மாட்டார்கள், பெருமையாகவே சொல்வார்கள்.

ஏற்கெனவே அடைச்சிட்டேன். இப்போ திரும்ப எடுக்கணும்னா சும்மா தகட்டை உருவினா போதுமா?

போதாது. அடைபட்டுக் கிடந்த வால்வு அப்படியே இறுகியிருக்கும், தகட்டை எடுத்த மறுநாளே திறந்தபடி சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதலில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், கூலரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதியுங்கள், இன்டேக்கில் பழைய கரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ரீமேப் செய்திருந்தால் கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வால்வு திறக்கவே திறக்காது. அப்புறம் புதுக் கேஸ்கெட், ஸ்கேனரில் பழைய குறியீடுகளை அழித்து வால்வு நிலையைக் கற்றுக்கொடுப்பது. கடைசியாக, முதலில் எதற்காக அடைத்தீர்களோ அந்தக் கோளாறைத் தேடுங்கள். புகையா, பிக்கப்பா? இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனையும் பூஸ்ட் கசிவு சோதனையும் செய்யச் சொல்லுங்கள், ஒரு நாள் வேலை.